பயிற்சி விமானமும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

மக்கள் குடியிருக்கும் ஊர்களுக்கு மேலாக இராணுவ விமானங்கள் பயிற்சிக்காகப் பறப்பது உலகின் பல நாடுகளில் அன்றாட நிகழ்ச்சியாகும். இரைச்சலால் உறக்கம் கெடுகிறது, பாடசாலையில் ஆசிரியரின் குரல் கேட்பதில்லை, கால்நடைகள் மிரண்டு ஓடுகின்றன என்று அங்கெல்லாம் மக்கள் முறையிடுகின்றனர். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்தவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வேறொரு வரலாறு வெளிப்படும். அவர்களுடைய வானத்தில் பயிற்சி விமானம் வேறு, போர் விமானம் வேறு என்று இருந்ததில்லை. விமானமோட்டப் பழகுவோருக்காக இத்தாலியில் வடிவமைக்கப்பட்ட சிறிய விமானம் ஒன்றே அவர்கள் தலைக்கு மேலே வந்து குண்டு போட்டது. அதற்கு அவர்கள் ஒரு தமிழ்ப் பெயரும் சூட்டினார்கள். சியாமாசெட்டி என்பது அப்பெயர்.

அந்தப் பெயரின் வரலாற்றை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். போரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தாக்குதல்களையும் கைப்பற்றிய இடங்களையும் கணக்கிடுவர். விமானத்தின் கீழே நாற்பது வருடங்கள் காதைத் தீட்டிக்கொண்டு வாழ்ந்த மக்களின் அனுபவம் அக்கணக்குகளில் இடம்பெறுவதில்லை.

கேட்கப் பழகிய ஊர்

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோ மீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பை எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கே வயல்களும் காடுகளுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை என்ற எளிய பொருளில் அமைந்த பெயர்கள் இவை. ஊர்ப் பெருமையைச் சொல்லும்போதும் மட்டக்களப்பார் முதலில் சொல்வது ஓர் ஒலியைப் பற்றித்தான். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டால் மீன்கள் பாடுவது கேட்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் செய்தி. மீன்பாடும் தேனாடு என்ற பெயர் அதனால் வந்தது. கேட்பதற்கென்றே பேர்பெற்ற இந்த ஊர், பிற்காலத்தில் வானத்தையும் அவ்வாறே கேட்க வேண்டியதாயிற்று.

1942 ஏப்ரல் 9

வானத்திலிருந்து வரும் போர் மட்டக்களப்புக்கு அறிமுகமான நாள் 1942 ஏப்ரல் 9 ஆகும். அன்று காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. தாக்குதல் வருவதை முன்கூட்டியே அறிந்த பிரித்தானியக் கடற்படையினர், ஹேர்மெஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை முதல் நாள் இரவே துறைமுகத்திலிருந்து வெளியேற்றித் தெற்கு நோக்கி அனுப்பியிருந்தனர். அதன் விமானங்களோ சீனன்குடாவில் தரையில் நின்றன. விமானமே இல்லாத விமானந்தாங்கிக் கப்பலாக மட்டக்களப்புக்கு அப்பால் சென்றுகொண்டிருந்த ஹேர்மெஸை, முற்பகல் 10.30 மணியளவில் யப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் கண்டுபிடித்தன. சுமார் இருபது நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். துணைக்கு வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அருகில் சென்றுகொண்டிருந்த வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் சுமார் 600 பேரைக் காப்பாற்றியது.

ஹேர்மெஸ் இன்றும் மட்டக்களப்புக் கரையிலிருந்து சில கிலோ மீற்றர் தொலைவில், சுமார் 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. கரையிலிருந்தவர்களுக்கு அந்தப் போரில் பங்கில்லை. எனினும் தங்கள் தலைக்கு மேலுள்ள வானம் தங்களுக்குரியதல்ல என்ற பாடம் அன்றே தொடங்கியது எனலாம்.

பயிற்சி விமானங்களால் பிறந்த படை

இலங்கையின் விமானப்படை 1951 மார்ச்சில் தொடங்கப்பட்டது. சிப்மங்க் என்ற சிறிய பயிற்சி விமானங்களே அதன் முதற் சொத்து. 1957இல் பிரித்தானியர் தமது தளங்களைக் கையளித்தபோது சீனன்குடா இலங்கை வசமாயிற்று. 1959இல் ஜெற் புறொவொஸ்ற் என்ற பயிற்சி விமானங்கள் பன்னிரண்டு வாங்கப்பட்டன. ஜெற் விமானமோட்டப் பழகுவோருக்கென இங்கிலாந்தில் செய்யப்பட்டவை அவை. சில வருடங்களில் அவற்றைப் பயன்பாட்டிலிருந்து ஒதுக்கி, சீனன்குடாவில் நிறுத்தி வைத்தனர்.

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. அரசாங்கம் ஒதுக்கி வைத்த ஜெற் புறொவொஸ்ற் விமானங்களைத் தூசு தட்டி எடுத்தது. அவற்றில் றொக்கெற்றுகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் பொருத்தப்பட்டன. அந்த விமானங்கள் தெற்கின் சிங்கள இளைஞர்கள் மீது ஏவப்பட்டன. இலங்கையில் பயிற்சி விமானம் ஒன்று முதன்முதலாகச் சொந்த நாட்டவர் மீது திரும்பியது தமிழர் பகுதியில் அன்று, சிங்களப் பகுதியிலேயே என்பதை இரு தரப்பு வாசகர்களும் மறந்துவிடலாகாது.

இதில் வியப்பதற்கு அதிகமில்லை. வசதி குறைந்த நாடுகள் முதலில் வாங்குவது பயிற்சி விமானத்தையே. விலை குறைவு, பராமரிப்பு எளிது, விற்கும் நாட்டுக்கும் 'பயிற்சிக்காகத்தான் கொடுத்தோம்' என்று சொல்லும் வசதி உண்டு. 1969இல் பயாபிராவினர் சுவீடனில் செய்யப்பட்ட சிறு பயிற்சி விமானங்களில் றொக்கெற்றுகளைக் கட்டி நைஜீரியாவின் விமானத் தளங்களைத் தாக்கினர். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையினரும் அமெரிக்கப் பயிற்சி விமானங்களை ஆயுதம் பூட்டிப் பயன்படுத்தினர். பயிற்சி விமானம் என்ற சொல் விற்பனைச் சீட்டில் உள்ள சொல். கீழே நிற்பவனுக்கு அதனால் பாதுகாப்பு எதுவுமில்லை.

திமிலைதீவு ஓடுபாதை

மட்டக்களப்புக்கு விமான நிலையம் கிடைத்தது 1958இல். நகருக்குத் தென்மேற்கே சுமார் இரண்டு கிலோ மீற்றர் தொலைவில், வாவி சூழ்ந்த திமிலைதீவில் பொதுவேலைத் திணைக்களம் ஓடுபாதை அமைத்தது. எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானங்கள் வந்து போயின. கொழும்புக்கு ஓர் இரவு முழுவதும் புகையிரதத்தில் செல்ல வேண்டியிருந்த காலத்தில் அது ஊருக்குக் கிடைத்த கௌரவமாகவே கருதப்பட்டது. பிற்பாடு அந்தச் சேவை நின்று போயிற்று.

1983இல் விமானப்படை அந்நிலையத்தைப் பொறுப்பேற்றது. இனக்கலவரம் நாட்டையே உலுக்கிய வருடம் அது. அடுத்த முப்பது வருடங்களுக்கு மேல் திமிலைதீவு முதலாவதாகப் படைத்தளம். விமான நிலையம் என்பது அதன் பழைய பெயர் மாத்திரமே. புதூர், சேற்றுக்குடா, வீச்சுக்கல்முனை, வலையிறவு என்று சுற்றிலும் உள்ள ஊர்கள் அனைத்தும் ஒரு படைத்தளத்தின் அயலவர்களாக மாறின. ஓடுபாதை வாவியின் நீர்ப்பரப்பை ஒட்டியே கிடக்கிறது. ஆகையால் ஏறும் விமானமும் இறங்கும் விமானமும் நீருக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் மேலாகத் தாழப் பறந்தே தீர வேண்டும்.

சியாமாசெட்டி வந்த கதை

1985இல் இலங்கை அரசாங்கம் இத்தாலியின் சியாய் மார்க்கெற்றி நிறுவனத்திடமிருந்து எஸ்.எப்.260 ரக விமானங்களை வாங்கியது. ஸ்ரெலியோ பிராற்றி என்ற இத்தாலியரின் வடிவமைப்பு அது. 1964இல் முதலில் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து பழகும் வகையில் அமைந்த அழகிய சிறு விமானம். அதன் இறக்கைகளின் கீழே ஆயுதம் தொங்கவிடவும் வசதி செய்யப்பட்ட ரகங்கள் இருந்தன. பல வளர்முக நாடுகள் அதை விரும்பி வாங்கியதற்கு அதுவே காரணம்.

சியாய் மார்க்கெற்றி என்ற பெயர் தமிழ் வாயில் சியாமாசெட்டி ஆனது. சியாமளா, செட்டியார் என்று நாம் நாளாந்தம் உச்சரிக்கும் பெயர்களின் சாயல் அதில் ஒட்டிக்கொண்டது. ஊரில் ஒருவரைக் கூப்பிடுவது போல மக்கள் அதைக் கூப்பிட்டார்கள். இதை நகைச்சுவை என்று மாத்திரம் எடுத்துக்கொள்வது பிழை. எதனிடமிருந்து தப்ப வேண்டுமோ அதற்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். "சியாமாசெட்டி வருது" என்ற இரண்டு சொற்களில் என்ன வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எங்கே ஓட வேண்டும் என்ற மூன்று செய்திகளும் அடங்கியிருந்தன.

பெயர்கள் பெருகின. குண்டு போடும் விமானம் எதுவாயினும் பொதுப்பெயர் பொம்மர். போக்குவரத்துக்கென வந்த பெரிய விமானங்களிலிருந்து பீப்பாய்களில் வெடிமருந்து நிரப்பி உருட்டிவிட்டார்கள். ஆடி அசைந்து வரும் அவ்விமானம் சகடை. 1990களின் தொடக்கத்தில் ஆர்ஜன்ரீனாவிலிருந்து வந்தது புக்காரா. 1995இல் வந்த எம்.ஐ.-24 தாக்குதல் ஹெலிகொப்டர் அதன் தோற்றத்தால் முதலை ஹெலி ஆயிற்று. 1996இல் இஸ்ரேலின் கிபிர், 2000இல் மிக்-27. ஆளில்லாமல் வட்டமிட்டு வேவு பார்த்த சிறு விமானத்துக்கு வண்டு என்று பெயர். விமானவியல் நூல் எதையும் படிக்காத தாய்மாரும் சிறுவர்களும் ஒலியைக் கேட்டே இவற்றைப் பிரித்தறிந்தனர்.

ஒரு சிறு கணக்கு

இந்தக் கேள்விஞானம் எத்துணை பயன்பட்டது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். மணிக்கு 300 கிலோ மீற்றர் வேகத்தில் வரும் சியாமாசெட்டி ஐந்து கிலோ மீற்றர் தொலைவில் இருக்கும்போது எழுப்பும் ஒலி, கீழே உள்ளவரின் காதை எட்ட சுமார் 15 செக்கன் ஆகும். விமானம் வந்து சேர 60 செக்கன் ஆகும். எனவே தப்பிக்கொள்ள முக்கால் நிமிடம் கிடைக்கும். அடுப்பை அணைக்காவிட்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்க அது போதும்.

மணிக்கு 900 கிலோ மீற்றர் வேகத்தில் தாழப் பறந்து வரும் கிபிர் அதே தூரத்தை 20 செக்கனில் கடந்துவிடும். ஒலிக்கு 15 செக்கன் போனால் மிச்சம் ஐந்து செக்கன். காற்றின் திசை, விமானத்தின் உயரம் என்பவற்றால் இக்கணக்கு சற்று மாறும், அடிப்படை மாறாது. பயிற்சி விமானத்திலிருந்து ஜெற் விமானத்துக்குப் போர் மாறியபோது கீழே இருந்தவர்கள் இழந்தது அந்த நாற்பது செக்கன். சியாமாசெட்டிக் காலத்தில் ஓடித் தப்பியவர்கள் கிபிர் காலத்தில் இருந்த இடத்திலேயே விழுந்து படுக்கப் பழகியது இதனாற்றான்.

பதுங்குகுழியும் எல்லா மண்ணிலும் ஒன்றல்ல. எழுவான்கரையின் மணலில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். பக்கங்கள் சரியும். படுவான்கரையின் கெட்டி நிலத்தில் குழி நிற்கும். மாரி காலத்தில் அதுவும் நிரம்பிவிடும். வாவியில் தோணியிலிருந்த மீனவருக்கோ குழியும் இல்லை, மரமும் இல்லை. திறந்த நீர்ப்பரப்பில் வலையோடு இருப்பவர் மேலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தோன்றுவார் என்பதை அவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இக்கரையும் அக்கரையும்

1990 யூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கிய பின்னர் வாவி ஓர் எல்லைக்கோடாக மாறியது. நகரமும் எழுவான்கரையும் படையினர் வசம். படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகள் வசம். ஆகவே திமிலைதீவிலிருந்தோ சீனன்குடாவிலிருந்தோ எழும்பிய விமானம் இக்கரையில் இருப்பவர்களின் கூரைக்கு மேலாகச் சென்று அக்கரையில் குண்டு போட்டது. சீனன்குடாவிலிருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் சுமார் 100 கிலோ மீற்றர். சிறு விமானத்துக்கும் அது கால் மணி, இருபது நிமிடப் பயணம்.

நகரில் வாழ்ந்தவர்களின் நிலையை வெளியிலிருப்போர் எளிதில் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். குண்டு அவர்கள் மீது விழவில்லை. ஆனால் வயல் அக்கரையில், மாடு அக்கரையில், தாய்மாமன் வீடு அக்கரையில். தலைக்கு மேலே ஒலி கடந்து போகும். சற்று நேரத்தில் வாவிக்கு அப்பால் அதிரும். பிறகு எந்த ஊர் என்று விசாரிக்க வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கமா, வவுணதீவுப் பக்கமா, அதற்கும் அப்பாலா? தொலைபேசி இல்லாத காலத்தில் அந்த விசாரணைக்கு ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். பயிற்சிக்காக வெறுமனே வட்டமடித்துத் திரும்பிய நாட்களும் இருந்திருக்கும். அது பயிற்சிதான் என்று கீழே எவரும் அறிவிக்கவில்லை. ஆகவே பயிற்சிப் பறப்புக்கும் தாக்குதலுக்கும் உள்ள வேறுபாடு விமானியின் குறிப்பேட்டில் மாத்திரமே இருந்தது. அடிவயிறு இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கலங்கியது.

2002இன் போர்நிறுத்தம் சில வருட அமைதியைத் தந்தது. 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது நடந்த தற்கொலைத் தாக்குதலை அடுத்து, சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளில் விமானங்கள் குண்டு வீசின. அங்கிருந்து தப்பியவர்கள் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கு வந்தனர். போர் அவர்களைப் பின்தொடர்ந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளியில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் விழுந்து பொதுமக்கள் பலர் மாண்டனர். 2007 சனவரியில் வாகரையும், யூலை 11ஆம் திகதி தொப்பிகல எனச் சிங்களத்தில் வழங்கும் குடும்பிமலையும் படையினர் வசமாயின. அதற்கிடையில் மார்ச் மாதத்தில் படுவான்கரையிலிருந்து பல்லாயிரக் கணக்கானோர் வாவியைக் கடந்து எழுவான்கரையில் தஞ்சம் புகுந்தனர். மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அக்கரையில் விழுந்த குண்டை இக்கரையில் நின்று கேட்டவர்களும், அதற்குக் கீழே இருந்தவர்களும் ஒரே முகாமில் சேர்ந்தது அப்போதுதான்.

மறுபக்கத்தின் பயிற்சி விமானம்

வரலாறு எழுதுகிறவன் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது வழக்கறிஞரின் வாதமாகிவிடும். விடுதலைப் புலிகளும் அதே வழியில்தான் சென்றனர். 2007 மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கிய அவர்களது விமானம் செக் நாட்டில் செய்யப்பட்ட சிலின்-143 ரகம். அதுவும் பயிற்சிக்கும் உல்லாசப் பறப்புக்குமான நான்கு ஆசனச் சிறு விமானமே. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், உலகக் கிண்ணக் கிரிக்கெற் இறுதிப் போட்டி நடந்த இரவில் அவ்விமானங்கள் மீண்டும் வந்தபோது கொழும்பு இருளில் மூழ்கியது. தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த தலைநகர மக்கள் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். 2009 பெப்ரவரி 20இல் கொழும்பின் மீது வந்த விமானம் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மட்டக்களப்பில் இருபது வருடங்களாக நாளாந்த வழக்கமாக இருந்த அச்சத்தைக் கொழும்பு அந்தச் சில இரவுகளில் அறிந்தது. அந்த அறிவு நிலைத்திருந்தால் நாட்டுக்கு நன்மையாக இருந்திருக்கும்.

எழுதப்படாத பக்கம்

விமானத் தாக்குதல்களைப் பற்றிய பதிவுகள் மட்டக்களப்பைப் பொறுத்தவரை மெலிந்தவையாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. 1998 யூனில் இராணுவச் செய்திகள் மீது அரசாங்கம் தணிக்கையை விதித்தது. 2000 மே மாதத்தில் அது மேலும் இறுக்கப்பட்டது. தாக்குதல் நடந்தால் 'பயங்கரவாதிகளின் இலக்கு வெற்றிகரமாகத் தாக்கப்பட்டது' என்ற அறிக்கை கொழும்பிலிருந்து வரும். மறுபக்கம் இன்னோர் அறிக்கை விடும். பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவே விழுந்தவனின் பெயர் எதிலும் இராது.

நேரில் சென்று எழுதக்கூடியவர்களும் நிலைக்கவில்லை. ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி கொழும்பில் கடத்தப்பட்டார். மறுநாள் அவரது உடல் கிடைத்தது. எழுதுபவர்கள் இல்லாத இடத்தில் நினைவு ஒன்றே ஆவணம். சியாமாசெட்டி, சகடை, வண்டு என்ற பெயர்கள் அந்த ஆவணத்தின் தலைப்புகள். அவற்றை உச்சரித்த தலைமுறை மூப்படைந்து வருகிறது.

அதே ஒலி, வேறு பணி

ஹெலியின் ஒலி நன்மையையும் கொண்டு வந்ததுண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் துடைத்தெடுத்த பின்னர், வீதிகள் அறுந்து கிடந்த இடங்களுக்கு ஹெலிகொப்டர்களே உணவும் மருந்தும் கொண்டு சென்றன. இந்திய ஹெலிகொப்டர்களும் வந்து உதவின. 2011 சனவரியின் பெருவெள்ளத்தில் படுவான்கரைக் கிராமங்கள் தீவுகளாக நின்றபோதும் அவ்வாறே நடந்தது. ஓடி ஒளிய வேண்டிய ஒலியை நோக்கிக் கைகளை உயர்த்தி ஓட வேண்டிய நாட்கள் அவை. ஒலி ஒன்றுதான், அது எதற்காக வருகிறது என்று முன்கூட்டியே அறிந்தமையே வேறுபாடு. இக்கட்டுரையின் சாரமும் அதுவே.

இன்றைய வானம்

மட்டக்களப்பு விமான நிலையம் புனரமைக்கப்பட்டு 2016 யூலையில் சிவில் பறப்புகளுக்குத் திறக்கப்பட்டது. 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியையும் பெற்றது. விமானப்படைத் தளமும் அங்கேயே நீடிக்கிறது. வடக்கே சீனன்குடா இன்றும் விமானப்படைக் கல்விக்கழகத்தின் இருப்பிடம். விமானமோட்டப் பயில்வோர் கிழக்கின் வானில்தான் பறக்கப் பழகுகின்றனர்.

பயிற்சியில் ஆபத்தும் உண்டு. 2020 டிசெம்பர் 15ஆம் திகதி சீனன்குடாவிலிருந்து புறப்பட்ட பி.ரி.-6 பயிற்சி விமானம் கந்தளாய்ப் பகுதியில் வீழ்ந்து இளம் பயிற்சி விமானி இறந்தார். 2023 ஓகஸ்ட் 7ஆம் திகதி அதே ரக விமானம் சீனன்குடாவில் வீழ்ந்து இருவர் இறந்தனர். 2025 மே 9ஆம் திகதி, மட்டக்களப்பு மாவட்ட எல்லைக்கு மேற்கே மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில், சிறப்புப் படையணியினரின் பயிற்சி நிறைவு நிகழ்வின்போது பெல்-212 ஹெலிகொப்டர் வீழ்ந்து ஆறு படையினர் இறந்தனர். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. இவ்விபத்துகள் வீடுகள் மீது நிகழாதது நற்பேறு.

எல்லா நாட்டுக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 2025 யூலை 21ஆம் திகதி பங்களாதேசத்தின் தலைநகர் டாக்காவில், பயிற்சிப் பறப்பில் ஈடுபட்டிருந்த எப்-7 ரகப் போர் விமானம் மைல்ஸ்ரோன் பாடசாலைக் கட்டடத்தின் மீது வீழ்ந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் சிறுவர்கள். அதற்கு 66 வருடங்களுக்கு முன்னர், 1959 யூன் 30இல், ஒக்கினாவாவின் மியாமோரி ஆரம்பப் பாடசாலை மீது அமெரிக்கப் போர் விமானம் வீழ்ந்து 11 மாணவர்கள் உட்பட 17 பேர் இறந்தனர். இரண்டு சம்பவங்களிலும் பாடசாலைகளுக்கு மேலே வானத்தில் இருந்தது எதிரி விமானமன்று.

கேட்கும் உரிமை

ஒக்கினாவா மக்கள் அமைதியாக இருந்துவிடவில்லை. தளங்களின் இரைச்சலை அளந்து, நீதிமன்றம் சென்று, நட்டஈடு பெற்றனர். பறப்புகளை நிறுத்த நீதிமன்றங்கள் மறுத்தாலும், தங்களுக்கு நேர்வது தீங்கு என்பதை எழுத்தில் பதிய வைத்தனர். கனடாவின் லப்ரடோர் பிரதேசத்தில், கூஸ் பே தளத்திலிருந்து நேட்டோ நாடுகளின் ஜெற் விமானங்கள் சுமார் 30 மீற்றர் உயரத்தில் பறந்து பழகின. அங்கு வேட்டையாடி வாழும் இன்னு பழங்குடி மக்கள் 1988இல் ஓடுபாதையிலேயே சென்று அமர்ந்தனர். கைது செய்யப்பட்ட நால்வரை 1989இல் நீதிபதி ஜேம்ஸ் இக்லோலியோர்ற்றே விடுதலை செய்தார். அந்த நிலம் தங்களுடையதே என்று அவர்கள் உண்மையாக நம்பியதை அவர் ஏற்றுக்கொண்டார். அங்கே அமையவிருந்த பெரும் பயிற்சி நிலையத் திட்டத்தை 1990இல் நேட்டோ கைவிட்டது.

மட்டக்களப்பு மக்கள் ஓடுபாதையில் சென்று அமர வேண்டும் என்பதன்று நாம் சொல்ல வருவது. ஒரு நாட்டுக்கு விமானப்படை தேவை என்றால் அதற்குப் பயிற்சியும் தேவை. ஆனால் மேலே பறப்பது என்ன என்பதைக் கீழே இருப்பவன் ஊகித்தறிய வேண்டும் என்ற முறை போர்க்காலத்துக்குரியது. 1983 தொடக்கம் அந்தப் பாரத்தை வாவிக்கரை மக்களே சுமந்தனர். போர் முடிந்த நாட்டில் அது பறப்பவனின் கடமையாக மாற வேண்டும். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தில் பயிற்சி என்று பிரதேச செயலகம் வழியாகவும் கிராம சேவகர் வழியாகவும் தமிழில் முன்கூட்டி அறிவிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. பரீட்சை நாட்களிலும் கோயில் திருவிழாக் காலங்களிலும் குடியிருப்புகளுக்கு மேலாகத் தாழப் பறக்காதிருப்பதும் அவ்வாறே.

இரண்டாவது கடமை நம்முடையது. எந்த ஊரில், எந்த வருடத்தில், எந்த விமானம் வந்தது, யார் யார் இறந்தார்கள் என்று கிராமம் கிராமமாகக் கேட்டு எழுத வேண்டும். பாடசாலை மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டு எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். வெளிநாடுகளில் வாழும் மட்டக்களப்பார் தம் வீட்டு மூத்தவர்களிடம் இன்றே கேட்கலாம். தேதி சரியாக நினைவிராவிட்டால் அறுவடைக்கு முன்னா பின்னா, மாமாங்கத் தீர்த்தத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். நினைவு அந்த வழியில் வந்து சேரும்.

சியாமாசெட்டி விமானங்கள் பயன்பாட்டிலிருந்து போய் வெகு காலமாயிற்று. இனி அந்தப் பெயரைக் கேட்டு எந்தப் பிள்ளையும் ஓட வேண்டியதில்லை. அந்தப் பெயர் எதற்காக உண்டாயிற்று என்பதைப் பிள்ளைகள் அறிந்திருந்தால் போதும்.